காட்டில் வழி தவறினால் எதைத் தின்பது?

கேள்வி இது: "நண்பர்கள் நாலைந்து பேர் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம் அடிக்கடி நடக்கப் போகிறோம். வழி தவறிக் காட்டுக்குள் மாட்டிக்கொண்டால் எந்தெந்தச் செடிகளைத் தின்று சமாளிக்கலாம்? அடையாளத்தோடு ஒரு பட்டியல் வேண்டும்."

பட்டியல் தருகிறேன். ஆனால் அது நீங்கள் எதிர்பார்ப்பதைவிடச் சின்னதாக இருக்கும், நிபந்தனைகளும் நிறைய இருக்கும். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

வழி தவறியவர்கள் பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் கிடைத்துவிடுகிறார்கள். அந்த ஒன்றிரண்டு நாளில் ஆளைச் சாய்ப்பது பசி அல்ல. இருட்டில் நடந்து பாறையில் சறுக்கிக் கால் முறிவது, நீலகிரி, கொடைக்கானல் உயரத்தில் நனைந்த துணியோடு ராத்திரியைக் கழிப்பது, யானைத் தடத்தில் போய் நிற்பது, தண்ணீர் தீர்ந்துபோவது, இவைதான் ஆபத்து. சோறில்லாமல் நல்ல உடம்புள்ள ஆள் இரண்டு மூன்று வாரம் தாங்குவார். தண்ணீர் இல்லாமல் மூன்று நாள் தாங்குவதே கஷ்டம். இந்த நிலையில் பேர் தெரியாத ஒரு இலையைத் தின்று வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்தால், உடம்பில் இருக்கிற தண்ணீரும் போய்விடும். அதனால் முதல் மூன்று நாளுக்கு என் பதில் ஒரு வரிதான்: நூறு சதம் தெரியாத எதையும் வாயில் வைக்காதீர்கள், பசித்தே இருங்கள். நடந்து அலையாமல் ஒரே இடத்தில், வெளியே தெரிகிற மாதிரி உட்காருங்கள். சிக்னல் ஒரு கோடு வந்தாலும் 112-க்கு அடியுங்கள்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. கீரை என்றால் சத்து என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வளர்த்திருக்கிறார்கள். சத்து உண்டு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நடக்கவும் உடம்பு சூட்டைக் காக்கவும் வேண்டியது கலோரி. நூறு கிராம் கீரையில் அது ஏறக்குறைய 30 தான். மலையில் ஏறி இறங்குகிற ஆளுக்கு நாளுக்கு 2,500 வேண்டுமென்றால், எட்டு கிலோவுக்கு மேல் கீரை பறித்து, ஆய்ந்து, வேகவைத்துத் தின்ன வேண்டும். மாடு நாள் முழுக்க மேய்வது சும்மா இல்லை. அதற்கு நாலு அறை வயிறு இருக்கிறது, நமக்கு இல்லை. காட்டில் கலோரி கிடைக்கிற இடங்கள் கிழங்கும் கொட்டையும் பழமும் தேனும்தான். அவற்றிலும் கிழங்குக்கும் கொட்டைக்கும் நெருப்பு வேண்டும், பாத்திரம் வேண்டும், பல நேரம் ஒரு நாள் ஊறவைக்க நேரம் வேண்டும். தேனுக்கு என்ன வேண்டும் என்பதைத் தேனீயே சொல்லிக்கொடுத்துவிடும்.

கீரையைப் பற்றி ஒரு விஷயத்தை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. நமக்குத் தெரிந்த 'காட்டுக்கீரைகள்' பெரும்பாலும் காட்டில் முளைப்பதில்லை. குப்பைக்கீரை, முள்ளுக்கீரை, பண்ணைக்கீரை, மூக்கிரட்டை, பருப்புக்கீரை, மணத்தக்காளி, இவையெல்லாம் மனிதன் கிளறிய மண்ணைத் தேடி வருகிறவை. தரிசு, வரப்பு, மாட்டுத்தொழுவ ஓரம், இடிந்த சுவர், ரோட்டோரம் இவற்றின் இருப்பிடம். மரம் மூடிய சோலைக்காட்டுக்குள் மணிக்கணக்கில் தேடினாலும் கைப்பிடி குப்பைக்கீரை கிடைப்பது அரிது. வழி தவறி அலையும்போது கண்ணில் முள்ளுக்கீரையும் பண்ணைக்கீரையும் படுகிறதென்றால், அது ஆடுமாடு வந்துபோகிற இடம், அல்லது எப்போதோ உழுத இடம். அங்கே குனிந்து கீரை பறிக்காதீர்கள். ஒற்றையடிப் பாதை எங்கே இருக்கிறது என்று பாருங்கள், ஊர் பக்கத்தில்தான் இருக்கும்.

இனி, தெரியாத ஊரில் தெரிந்த மாதிரிச் செடி தின்றால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு பழைய கதை. ஆரைக்கீரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். வயல் தண்ணீரில் நாலு இலை சேர்ந்து குடை மாதிரி நிற்கும். அதே இனத்துச் செடி ஒன்று ஆஸ்திரேலியாவில் உண்டு, நார்டூ என்பார்கள். 1860 ஆகஸ்டில் மெல்போர்னிலிருந்து பர்க், வில்ஸ் என்ற இருவர் தலைமையில் ஒரு பயணக் குழு கண்டத்தைத் தெற்கு வடக்காகக் கடக்கக் கிளம்பியது. நாலு பேர் வடகடலோரம் வரை போய்த் திரும்பினார்கள். வரும் வழியில் ஒருவர் இறந்தார். மீதி மூவர் 1861 ஏப்ரல் 21 அன்று கூப்பர் ஓடைக்கரை முகாமுக்கு வந்து சேர்ந்தபோது, அவர்களுக்காக மாதக்கணக்கில் காத்திருந்த ஆட்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தார்கள். சாமான் கொஞ்சம் புதைத்து வைத்திருந்தது. அது தீர்ந்தபின், அந்த மண்ணின் மக்களான யாந்த்ருவாந்தா இனத்தார் கொடுத்த மீனும் நார்டூ மாவும்தான் சாப்பாடு.

நார்டூவில் தின்பது இலையை அல்ல, மிளகளவு கடினமான வித்துப்பையை. யாந்த்ருவாந்தா மக்கள் அதை அரைத்து, தண்ணீர் விட்டுக் கரைத்துப் பக்குவம் செய்வார்கள். கூடவே மீனும் மற்றதும் இருக்கும். பயணிகள் அரைப்பதை மட்டும் பார்த்துக்கொண்டு, மிச்சப் பக்குவத்தை விட்டுவிட்டார்கள். பர்க் அந்த மக்களோடு முறைத்துக்கொண்டு துப்பாக்கியும் சுட்டார், அவர்கள் விலகிப் போனார்கள். பிறகு வயிறு நிறைய நார்டூ தின்றும் உடம்பு நாளுக்கு நாள் கரைந்தது. வில்ஸின் குறிப்பேட்டில் இது இருக்கிறது: தின்ன ஆசையாக இருக்கிறது, வயிறும் நிறைகிறது, ஆனால் எழுந்து நிற்க வலுவில்லை. ஜூன் கடைசி வாக்கில் இருவரும் இறந்தார்கள். பின்னால் ஆராய்ந்தவர்கள் காட்டும் காரணங்களில் முக்கியமானது, நார்டூவில் பி1 வைட்டமினைச் சிதைக்கிற ஒரு நொதி இருப்பது. தண்ணீரும் சூடும் படாமல் தின்றால் பட்டினியோடு, பி1 குறைவால் வருகிற பெரிபெரி நோயும் சேர்ந்துகொள்ளும். மூன்றாவது ஆளான ஜான் கிங் அந்த மக்களிடமே போய் ஒட்டிக்கொண்டார், அவர்கள் சமைத்ததைத் தின்றார். செப்டம்பரில் தேடி வந்த குழு அவரை உயிரோடு கண்டெடுத்தது.

மூவரும் தின்றது ஒரே செடி. செடியை அடையாளம் காண்பதில் யாருக்கும் தவறு நேரவில்லை. எந்தப் பாகம், எந்தப் பருவம், என்ன பக்குவம், எதோடு சேர்த்து, எவ்வளவு என்பதெல்லாம் சேர்ந்ததுதான் காட்டுணவு அறிவு. இலையின் படத்தை மட்டும் போனில் வைத்திருப்பவரிடம் அதில் ஒரு சிறு பங்குதான் இருக்கிறது.

மறுபக்கத்துக்கும் சாட்சி உண்டு. 2023 மே 1 அன்று கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. பெரியவர்கள் மூவரும் இறந்தார்கள். உய்டோடோ பழங்குடியைச் சேர்ந்த நாலு குழந்தைகள் தப்பினார்கள். மூத்த பெண்ணுக்கு 13 வயது, கடைசிக் குழந்தைக்கு ஒரு வயதுகூட நிறையவில்லை. 40 நாள் கழித்து நால்வரையும் உயிரோடு மீட்டார்கள். முதலில் விமானத்தில் இருந்த மரவள்ளி மாவைத் தின்றார்கள். அது தீர்ந்ததும் பழங்களும் பனை வகை ஒன்றின் கொட்டைகளும். அந்தப் பெண்ணுக்கு எந்தப் பழம் ஆகும், எது ஆகாது என்பது வீட்டில், பாட்டியிடம் கற்றது. அதே பெண்ணைக் கொண்டுவந்து ஆனைமலையில் விட்டால் அந்த அறிவில் முக்கால்வாசி இங்கே உதவாது. வெளிநாட்டு வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டு மலைக்குப் போகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அடுத்தது, பொதுவாகச் சொல்கிற 'சோதனைகள்'. இவற்றைப் பற்றிக் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இவை ஆளைக் கொல்லும்.

"குரங்கும் பறவையும் தின்றால் நாமும் தின்னலாம்" என்பது முதல் பொய். எட்டி மரத்துப் பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டு திரண்டு, பார்க்கவே எச்சில் ஊற வைக்கும். குரங்கும் வௌவாலும் அதன் சதையைத் தின்னும். கொட்டையில் இருப்பது ஸ்ட்ரிக்னின், உடம்பை வில்லாக வளைத்து மூச்சை நிறுத்துகிற விஷம். "எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன" என்று நம்மவர்கள் சொல்லி வைத்தது அனுபவத்தில்தான். வேடிக்கை என்னவென்றால், எட்டிக்கு ஒன்றுவிட்ட தம்பி தேற்றான். கலங்கிய தண்ணீரைத் தெளிய வைக்கப் பானைக்குள் இழைக்கிற தேத்தாங்கொட்டை அதனுடையது. குடும்பம் ஒன்று, குணம் வேறு. (அது கலங்கலைத்தான் அடியில் இறக்கும், கிருமியைக் கொல்லாது. காய்ச்சித்தான் குடிக்க வேண்டும்.) ஆடு பஞ்ச காலத்தில் எருக்கிலையைக்கூடக் கடிக்கும். ஆட்டுக்கு ஆகிறது நமக்கு ஆக வேண்டும் என்று சட்டமில்லை.

"கசந்தால் விஷம், கசக்காவிட்டால் சாப்பாடு" என்பது இரண்டாவது. கசப்பு ஒரு எச்சரிக்கைதான், மறுக்கவில்லை. பேய்ச்சுரை, பேய்க்கொம்மட்டி வகையெல்லாம் நாக்கில் பட்டதும் துப்ப வைக்கும். ஆனால் காட்டாமணக்குக் கொட்டை கசக்காது, நிலக்கடலை மாதிரி ருசிக்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டமாகத் தின்றுவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்த செய்தி வராத ஆண்டு இல்லை. கசப்பில்லாத இன்னொரு உதாரணம், இன்னும் கொடியது. உத்தரப் பிரதேசத்தின் மேற்கு மாவட்டங்களிலும் ஒடிசாவின் மல்கான்கிரியிலும் குளிர்காலத்தில் குழந்தைகள் மயங்கி விழுந்து செத்தார்கள். மூளைக்காய்ச்சல் என்றே நெடுங்காலம் நினைத்தார்கள். வேலூர் சி.எம்.சி.யின் வைராலஜி நிபுணர் டி. ஜேக்கப் ஜானும் சேர்ந்து செய்த ஆய்வில் தெரிந்தது, அது கிருமியே இல்லை, பேயாவரை விதை. பசித்த குழந்தைகள் வேலியோரக் காயை உரித்துத் தின்றிருக்கின்றன.

பேயாவரையும் தகரையும் அக்கா தங்கை. தகரைக் கொழுந்தைப் பல ஊர்களில் கீரையாகச் சமைப்பார்கள். தகரைக்கு இலை மூன்று ஜோடி, நுனி உருண்டிருக்கும். பேயாவரைக்கு நாலு முதல் ஆறு ஜோடி, நுனி கூர்ந்திருக்கும். இரண்டும் ஒரே குப்பைமேட்டில் பக்கத்துப் பக்கத்தில் முளைக்கும். பசி மயக்கத்தில் ஜோடி எண்ணிப் பார்க்கிற நிதானம் இருக்குமா என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, அமெரிக்க ராணுவக் கையேட்டிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய சோதனை. தோலில் தேய், காத்திரு, உதட்டில் வை, காத்திரு, நாக்கில் வை, மென்று பார், கொஞ்சம் விழுங்கு, எட்டு மணி நேரம் பொறு, ஒன்றும் ஆகாவிட்டால் இன்னும் கொஞ்சம் தின்று மறுபடி எட்டு மணி நேரம் பொறு. தோலையும் நாக்கையும் அரிக்கிற செடியை இது கண்டுபிடிக்கும். ஆனால் குன்றிமணியை மென்று தின்றவருக்கு முதல் நாள் ஒன்றுமே தெரியாமல் போகலாம். காளானுக்கு இந்தச் சோதனை செல்லாது என்று அந்தக் கையேடே சொல்கிறது. பால் வடிகிற செடி வேண்டாம், மூவிலைச் செடி வேண்டாம் என்று கூடவே வருகிற விதிகளும் அந்த ஊர்ச் செடிகளை வைத்து எழுதியவை. அந்த விதிப்படி பார்த்தால் நமக்கு அத்தி, பலா, புளியாரை, முள்முருங்கை எல்லாம் தள்ளுபடி. பாலும் வடியாத, மூவிலையும் இல்லாத செங்காந்தள் தேர்வில் பாஸ்.

செங்காந்தளைச் சும்மா இழுக்கவில்லை. நம் மாநிலப் பூ, ஈழத்தில் கார்த்திகைப்பூ. மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விதைக்காகக் கண்வலிக்கிழங்கு என்று பந்தல் போட்டுப் பயிர் செய்கிறார்கள். காட்டோரம் தானாகவும் படரும். கிழங்கு கலப்பை மாதிரி வளைந்து, வெள்ளையாய், தின்னலாம் போலத்தான் இருக்கும். இலங்கையில் இதை வள்ளிக்கிழங்கு என்றும் வற்றாளை (சர்க்கரைவள்ளி) என்றும் நினைத்து அவித்துத் தின்று இறந்தவர்கள் உண்டு. இதிலுள்ள கொல்கிசின் என்ற நஞ்சு வேகவைத்தால் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வயிற்றுப்போக்கு தொடங்கும். அது அடங்குகிற மாதிரி இருக்கும்போது ஈரலும் சிறுநீரகமும் எலும்பு மஜ்ஜையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சரியும். கொடியாக இருக்கும்போது குழப்பமே இல்லை. இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பி மாதிரி அடுத்த செடியைப் பிடித்திருக்கும். வள்ளி வகை எதிலும் இலை நுனி அப்படிச் சுருளாது. சிக்கல் கோடையில். இரண்டு கொடியுமே காய்ந்து உதிர்ந்துவிடும், மண்ணுக்குள் கிழங்கு மட்டும் இருக்கும். கொடியும் இலையும் கூடவே இல்லாத கிழங்கைத் தோண்டித் தின்னாதீர்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

சரி, கிழங்குக்கு வருவோம். மலையில் நிஜமாகவே வயிற்றை நிரப்புகிற செடி என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் காட்டு வள்ளியைத்தான் சொல்வேன். நூறு கிராமில் 100 கலோரிக்கு மேல் இருக்கும். பழனி மலைப் பளியர், ஆனைமலைக் காடர், பொதிகைக் காணிக்காரர் என்று அரிசி வருவதற்கு முன் மலை மக்கள் உயிரோடு இருந்தது இதை நம்பித்தான். வெத்திலை வள்ளி, நூறை, கவலை என்று வகையும் பெயரும் ஊருக்கு ஊர் மாறும். ஒரு ஊரில் நூறை என்பது பக்கத்து மலையில் வேறு கொடி, அதனால் பெயரை நம்பி இறங்காதீர்கள். பொதுவான அடையாளம்: மரத்தில் சுற்றி ஏறுகிற கொடி, நரம்புகள் காம்படியிலிருந்து கிளம்பி இலை ஓரத்தை ஒட்டி வளைந்து நுனியில் போய்ச் சேரும். வெத்திலை வள்ளிக்கு இதயவடிவத் தனி இலை, சில வகைகளுக்கு மூன்று அல்லது ஐந்து இலைகள் விரல் மாதிரி விரியும்.

அந்த மூவிலை வகைகளில்தான் கண்ணி இருக்கிறது. அவற்றில் ஒன்று கடும் நஞ்சு. மலை மக்கள் சிலர் அதையும் தின்பார்கள். எப்படி? மெல்லிய வில்லையாகச் சீவி, சாம்பலோ உப்போ சேர்த்து, ஓடும் தண்ணீரில் கூடையோடு நாள் கணக்கில் போட்டு வைத்து, பிறகு அவித்து. வழி தவறியவருக்கு இது நடக்கிற காரியமா? ஈந்தங்காய்க்கும் இதே கதை. மலபார் பக்கம் அதை உலர்த்தி, பலமுறை தண்ணீர் மாற்றி ஊறவைத்துத்தான் மாவாக்குவார்கள். மூங்கில் குருத்தையும் ஊறவைத்து அவித்துத் தண்ணீரைக் கொட்டினால்தான் அதிலுள்ள சயனைடு போகும். காட்டுக்கருணையும் சேம்பும் பச்சையாய்த் தின்றால் தொண்டையில் ஆயிரம் ஊசி குத்தின மாதிரிக் காறும். அவற்றிலுள்ள கால்சியம் ஆக்சலேட் ஊசிகளை அடக்கத்தான் இவற்றைச் சமைக்கும்போது புளி சேர்க்கிறோம். பிரண்டைத் துவையலில் புளி தாராளமாகப் போடுவதும் இதற்குத்தான்.

தோண்டுவதும் லேசில்லை. வெத்திலை வள்ளிக் கிழங்கு செங்குத்தாக இடுப்பளவு ஆழம் கூடப் போகும், நடுவில் பாறை இருந்தால் அதைச் சுற்றிப் போகும். கடப்பாரையோ கூர்க்கோலோ இல்லாமல், கையால் ஒரு மணி நேரம் தோண்டிக் கிடைக்கிற கிழங்கு, தோண்டச் செலவான தெம்பை ஈடுகட்டுமா என்பதே சந்தேகம். பழகினவர்கள் மழை முடிந்து இலை பழுக்கும்போது தோண்டுவார்கள், அப்போதுதான் கிழங்கு மாவு பிடித்திருக்கும். கொடியோடு சேர்ந்த தலைப்பகுதியை மறுபடி குழிக்குள் வைத்து மூடிவிடுவார்கள், அடுத்த ஆண்டு அதே இடத்தில் கிழங்கு இருக்கும்.

பாரியின் பறம்பு மலையை மூவேந்தரும் முற்றுகையிட்டபோது, உழாமலே விளைகிற நாலு பொருள் இந்த மலையில் உண்டு, நீங்கள் வெளியே காத்துக் கிடப்பது வீண் என்று கபிலர் சொல்கிற புறநானூற்றுப் பாட்டு (109) நினைவிருக்கும்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். கவிதையாக அபாரம். உணவுக் கணக்காகப் பார்த்தால், மூங்கில் ஒரு காட்டில் பூத்து நெல் விடுவது நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு ஒருமுறை, பலா கோடையில் சில மாதம், தேனும் பருவத்தில்தான். வருஷத்தின் பெரும்பகுதியைத் தாங்கியிருக்கக்கூடியது கிழங்கு ஒன்றே. அதுவும் மலையை உள்ளங்கை மாதிரி அறிந்த ஆட்கள் உள்ளே இருந்ததால்.

இப்போது பட்டியல். பச்சையாகத் தின்னக்கூடிய, அடையாளத்தில் குழப்பம் குறைவான பழங்களை மட்டும் சொல்கிறேன். இவற்றில் எதையும் நீங்கள் ஏற்கெனவே ஊரில் பறித்துத் தின்றிருந்தால்தான் காட்டில் தின்ன வேண்டும்.

மார்கழி முதல் மாசி வரை புதர்க்காட்டில் இலந்தை, சூரை, இவற்றோடு நெல்லி. நெல்லியில் கலோரி குறைவு, ஆனால் வாய் வறட்சி போகும், குடிக்கிற தண்ணீரும் இனிக்கும். வைகாசி முதல் ஆடி வரை களா, காட்டு ஈச்சம்பழம், நாவல், பாலைப்பழம். இலங்கையின் வன்னிப் பக்கத்துக்காரர்களிடம் பாலைப்பழம், வீரைப்பழம் என்று பேச்செடுத்தால் மணிக்கணக்கில் பேசுவார்கள். பாலைப்பழம் இனிப்பு மிகுந்தது, தெம்பு தரும், உதட்டில் பிசின் ஒட்டும். ஓடையோரம் அத்தி அனேகமாக எந்த மாதமும் இருக்கும். பிளந்து பூச்சியைத் தட்டிவிட்டுத் தின்னலாம், தட்டாமல் தின்றால் புரதம். பலா கிடைத்தால் சுளையைவிடக் கொட்டையை மதியுங்கள், சுட்டுத் தின்றால் நாலு மைல் நடக்கலாம். சப்பாத்திக்கள்ளிப் பழம் வறண்ட நாட்டுக்கு வரம். ஆனால் கண்ணுக்குத் தெரியாத மயிர்முள் நாக்கில் ஏறினால் இரண்டு நாளுக்கு வாய் திறக்க முடியாது. இலைக்கொத்தால் பிடித்து மணலில் நன்றாகப் புரட்டித் தேய்த்து, தோலைச் சீவிவிட்டு, உள்ளே இருக்கிற முள்முடிச்சையும் எடுத்துவிட்டுத் தின்ன வேண்டும். சொடக்குத்தக்காளி, மணத்தக்காளி, சிறுபூனைக்காலி (இதற்கு ஊரில் வழங்குகிற பெயரை இங்கே எழுத முடியாது) மூன்றும் நன்றாகப் பழுத்தால் மட்டும். பச்சைக்காயில் நஞ்சுண்டு. நீலகிரி, கொடைக்கானல் உயரத்தில் தவிட்டுப்பழம்.

காளானுக்கு என் பதில் ஒன்றே: வேண்டாம். மழைக்குப் பின் புற்றுமேட்டில் வருகிற காளானைப் பழகினவர்கள் பறிக்கட்டும். வெள்ளிக் கரண்டி கறுக்கிறதா, மஞ்சள் போட்டால் நிறம் மாறுகிறதா என்ற சோதனைகள் எல்லாம் வெறும் நம்பிக்கை. அசாமின் தேயிலைத் தோட்டங்களில் 2008-லும் 2022-லும் காட்டுக்காளான் சமைத்துத் தின்று பலர் இறந்தார்கள். காலங்காலமாகக் காளான் பறித்துத் தின்கிற ஊர்கள் அவை.

நெருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், கிழங்கு சுடலாம் என்று யாராவது மாசி, பங்குனியில் காட்டுக்குள் தீ மூட்டிவிடக் கூடாது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடக்கப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். காய்ந்த புல் சரிவில் தீ ஏறுகிற வேகத்துக்கு மனிதன் ஓட முடியாது. பட்டினியால் வருகிற ஆபத்தைவிட அது ஆயிரம் மடங்கு பெரிது.

கற்றுக்கொள்ள ஆசை இருந்தால் காட்டுக்கே போக வேண்டியதில்லை, போகவும் கூடாது. காப்புக்காடுகளிலும் சரணாலயங்களிலும் அனுமதியில்லாமல் செடி கொடி பறிப்பது குற்றம். சிறுவனப் பொருள் சேகரிக்கிற உரிமையை 2006-ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் அங்கே வாழ்கிறவர்களுக்குத்தான் கொடுத்திருக்கிறது. உங்கள் ஊர்த் தரிசும் குளக்கரையும் போதும். களை எடுக்கப் போகிற அம்மாக்கள், ஆடு மேய்க்கிற பெரியவர்கள், இவர்களைவிட நல்ல ஆசிரியர் கிடையாது. ஐந்தே செடி எடுத்துக்கொள்ளுங்கள். முளை, பூ, காய், காய்ந்த குச்சி என்று ஒரு வருஷம் முழுக்க அதே செடியைப் பாருங்கள். அதோடு குழப்பக்கூடிய செடி எது என்று அவர்களிடமே கேளுங்கள். ஆய்ந்து சமைத்துத் தின்றும் பாருங்கள், ஏனென்றால் பண்ணைக்கீரை உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதைக் கண்டுபிடிக்க வேண்டிய இடம் வீடுதான். சாக்கடையோரம், மருந்தடித்த வயல் வரப்பு இவற்றில் பறிக்காதீர்கள். போனில் படம் எடுத்தால் பெயர் சொல்கிற செயலிகள் பூவின் பெயர் அறிய நல்ல துணை. வாயில் வைப்பதற்கு அவற்றைச் சாட்சியாகக் கொள்ளாதீர்கள்.

மலைக்குக் கிளம்பும்போது பையில் அரைக்கிலோ கடலைமிட்டாய் போட்டுக்கொள்ளுங்கள். ஏறத்தாழ 2,500 கலோரி, ஒரு நாள் முழுச் சாப்பாடு. எட்டு கிலோ கீரைக்குச் சமம் என்று மேலே போட்ட கணக்கை வைத்துப் பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனைக்குப் பிறகும் யாராவது தெரியாததைத் தின்றுவிட்டால்: உப்புத் தண்ணீர், புளித்தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள், அது புரையேறி நுரையீரலுக்குப் போனால் இன்னொரு ஆபத்து. "இப்போது நன்றாகத்தானே இருக்கிறார்" என்று காத்திருக்காதீர்கள். கண்வலிக்கிழங்கும் குன்றிமணியும் மெதுவாகத்தான் வேலையைக் காட்டும். எத்தனை மணிக்கு, எந்தப் பாகம், எவ்வளவு தின்றார் என்று குறித்துக்கொள்ளுங்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்தச் செடியை வேரோடும் இலையோடும் பிடுங்கி ஒரு பையில் போட்டு டாக்டரிடம் கொடுங்கள். "ஏதோ ஒரு பச்சை இலை" என்று சொன்னால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.